இரு ஆட்சிகள், ஒரு துப்பாக்கி

இடக்கொச்சி நண்பர் ஒருவர், விற்பனைக்கு வந்த பழைய 'பாரடாக்ஸ்' துப்பாக்கியை வாங்கலாமா என வினவினார். 1885இல் ஃபாஸ்பெரி காப்புரிமை பெற்ற வடிவம் அது; ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் செய்து விற்றது. குழலின் வாய்ப்புறத்தில் மட்டும் சுழல்பள்ளம் வெட்டியிருப்பதால், பறவைக்குச் சிறு ரவையும் பெருவிலங்குக்குத் தனிக்குண்டும் ஒரே குழலில் செல்லும். காட்டில் எது எதிர்ப்படும் என்றறியாத காலனிய வேட்டைக்காரருக்கு வாய்ப்பான கருவி.

அக்காலத்தில் இதை யார் வாங்க முடிந்தது என்பதே என் அக்கறை. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் இந்தியருக்கு உரிமம் தேவை. ஐரோப்பியருக்கு நெடுங்காலம் விலக்கு. அச்சட்டமோ பிரிட்டிஷ் இந்தியாவுக்கு உரியது. ஃபோர்ட் கொச்சி மலபார் மாவட்டத்தில் அடங்கிய பிரிட்டிஷ் நிலம். நடந்தே எட்டிவிடும் மட்டாஞ்சேரி கொச்சி சமஸ்தானம். ஒரே தெருவழியே சென்ற துப்பாக்கி இடையில் ஆட்சி மாறியது. மிளகுக் கிடங்குகளோடு நின்றுவிடும் நம் ஊர் வரலாறுகளில் இவ்வெல்லைக்கு உரிய இடமில்லை.

இன்று 1959ஆம் ஆண்டுச் சட்டம் இருபுறமும் ஒன்றே. 2019 திருத்தத்தின்படி பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகளே. பரம்பரையாக வந்ததும் அதில் அடங்கும். வேட்டையையோ 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் தடுத்துவிட்டது. நண்பரிடம் ஏற்கெனவே இரண்டு உள்ளன, ஒன்று பாட்டனாருடையது. வாங்க வேண்டாம் என்றேன். அவர் இன்னும் விலை பேசிக்கொண்டிருக்கிறார்.