அமெரிக்க எலும்பியல் துறையில் கறுப்பின மருத்துவர்கள் மிகக் குறைவு: காரணம் என்ன? மாற்ற முயற்சிகள் யாவை?

அமெரிக்காவில் இனப் பன்முகத்தன்மை மிகவும் குறைந்த மருத்துவப் பிரிவுகளுள் ஒன்றாக எலும்பியல் அறுவை சிகிச்சைத் துறை விளங்குகிறது. அந்நாட்டு எலும்பியல் அறுவை சிகிச்சை நிபுணர்கள் அகாடமி 2018-ஆம் ஆண்டு நடத்திய கணக்கெடுப்பில், நிபுணர்களில் சுமார் 85 சதவீதத்தினர் வெள்ளையர்கள் என்பதும், கறுப்பினத்தவர் 2 சதவீதத்துக்கும் குறைவு என்பதும் தெரியவந்தது. ஆனால், நாட்டின் மக்கள்தொகையில் கறுப்பினத்தவரின் பங்கு சுமார் 13 சதவீதமாகும்.

வரலாற்றுப் பின்னணி:

மருத்துவக் கல்வி குறித்து ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் 1910-ஆம் ஆண்டு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, அப்போது இயங்கிவந்த 7 கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் 5 மூடப்பட்டன. வாஷிங்டனில் ஹோவர்டு, நாஷ்வில்லில் மெஹாரி ஆகிய இரண்டு மட்டுமே எஞ்சின. மருத்துவம் பயிலும் வாய்ப்பே சுருங்கியதால், சிறப்புத் துறைகளுக்கான வழியும் அடைபட்டது.

எலும்பியல் பயிற்சி இடங்களுக்குப் போட்டி கடுமையானது. மூத்த நிபுணர்களின் பரிந்துரைக் கடிதமும் ஆய்வு அனுபவமும் அதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன. இத்துறைக்கான பயிற்சித் திட்டம் இல்லாத கல்லூரிகளில் பயில்வோர், அவற்றைப் பெறுவதற்காக வெளியூர் மருத்துவமனைகளுக்குச் செலவு செய்து செல்ல வேண்டியுள்ளது.

நோயாளிகளுக்கு என்ன பாதிப்பு?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பெறுவதில் வெள்ளையர்களைக் காட்டிலும் கறுப்பின நோயாளிகள் பின்தங்கியிருப்பதைப் பல ஆய்வுகள் சுட்டிக்காட்டியுள்ளன. கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பன போன்ற தவறான நம்பிக்கைகளில் ஒன்றையேனும் வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழ பாதிப் பேர் கொண்டிருந்ததாக, விர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் தெரிவித்தனர். அத்தகையோர் கறுப்பினத்தவரின் வலியைக் குறைத்து மதிப்பிடும் போக்கும் அதில் வெளிப்பட்டது.

மேற்கொள்ளப்படும் முயற்சிகள்:

அமெரிக்க எலும்பியல் வாரியத்தின் சான்று பெற்ற முதல் கறுப்பின மருத்துவரான ஜே. ராபர்ட் கிளாடனின் பெயரில் 1998-இல் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. டாக்டர் போனி சிம்ப்சன் மேசன் 2004-இல் தொடங்கிய 'என்த் டைமென்ஷன்ஸ்' அமைப்பு, முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு 8 வார கோடைக்காலப் பயிற்சி அளித்து, துறை நிபுணர்களின் வழிகாட்டுதலை ஏற்படுத்தித் தருகிறது.

மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டத்தில் மதிப்பெண் வழங்கும் முறை 2022 ஜனவரியில் கைவிடப்பட்டு, தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டும் அறிவிக்கப்படுகிறது. எனினும், பயிற்சி இடங்களுக்கான தேர்வில் இரண்டாம் கட்ட மதிப்பெண்ணின் முக்கியத்துவம் அதன்பின் அதிகரித்தது.

இதனிடையே, கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளும் நடைமுறையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 29-இல் ரத்து செய்தது. இதனால், மாணவர்களைத் தொடக்கத்திலேயே ஊக்குவிக்கும் பயிற்சித் திட்டங்களின் தேவை கூடியுள்ளது.

மருத்துவக் கல்விக்கு 4 ஆண்டுகள், எலும்பியல் பயிற்சிக்கு 5 ஆண்டுகள் என்பதால், இன்று கல்லூரியில் சேரும் ஒருவர் நிபுணராவதற்குக் குறைந்தது 9 ஆண்டுகள் ஆகும். எனவே, இப்போதைய முயற்சிகளின் பலன் அறுவை அரங்குகளில் தென்பட ஏறத்தாழ பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.