மேல்தோல் வளர்ச்சிக் காரணி (இ.ஜி.எஃப்.)

செல்களைப் பிரிந்து பெருகத் தூண்டும் சிறு புரதம் இது. மனித உடலில் இதன் முதிர்ந்த வடிவம் 53 அமினோ அமிலங்களாலான ஒரே சங்கிலி. மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் அதை உருக்குலையாமல் பிடித்து வைக்கின்றன. செல் வளர்ப்பு ஊடகத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நானோகிராம் முதல் 50 நானோகிராம் வரை சேர்ப்பது வழக்கம். இதைப் பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ தயாரிக்கும் மரபணு மறுசேர்க்கை முறையால் தடையற்ற வழங்கல் கிடைத்தது. அதைவிடப் பெரிய பயன், செல் வளர்ப்புத் தட்டில் சேர்த்த பொருள் இன்னதென்ற தெளிவு. அந்தத் தெளிவின் அருமையை இப்புரதம் கண்டறியப்பட்ட விதமே உணர்த்துகிறது. 1950-களில் செயின்ட் லூயிஸில் ரீட்டா லெவி-மொண்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்ச்சிக் காரணியை ஆராய்ந்துவந்தனர். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தியபோது, வழக்கமாக 12 முதல் 14 நாளில் திறக்கும் கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்தன. பற்களும் முந்தி முளைத்தன. நரம்பு வளர்ச்சிக் காரணிக்கு அந்த இயல்பு இல்லை. அதே சாற்றில் கலந்திருந்த வேறொரு புரதமே காரணம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறிய கோஹன் அதைப் பிரித்தெடுத்து 1962-இல் வெளியிட்டார். இரைப்பை அமிலச் சுரப்பைக் குறைப்பதாக மனிதச் சிறுநீரில் அறியப்பட்ட யூரோகாஸ்ட்ரோனும் இதுவே என்பது 1975-இல் தெரியவந்தது. அதற்கான மரபணுவை வேதிமுறையில் கட்டி நகலாக்கிய ஆய்வு 1982-இல் வந்தது. 1986-இல் கோஹனும் லெவி-மொண்டால்சினியும் நோபல் பரிசு பெற்றனர்.

எலிப் புரதமே மனிதத் தோல் செல்களில் வேலை செய்ததே, மறுசேர்க்கை எதற்கு என்று கேட்கலாம். இரண்டுக்கும் 53 இடங்களில் 37 ஒன்றாக இருப்பதால் அது வேலை செய்தது உண்மைதான். ஆனால் சுரப்பியிலிருந்து எடுப்பதில் உடன்வரும் புரதங்களைப் பற்றிய ஐயம் நீங்காது. பாக்டீரியா புரதத்தில் சர்க்கரை சேர்க்காதே என்பது அடுத்த மறுப்பு. இந்தப் புரதம் இயங்க அது தேவையில்லை. தேவை, சரியான மடிப்பு. பாக்டீரியாவுக்குள் டைசல்ஃபைடு பிணைப்புகள் எளிதில் அமையாமல் புரதம் கட்டியாகிவிடுவதுண்டு. அப்போது கரைத்து மறுபடி மடிக்க வேண்டும், பாக்டீரியா நச்சான எண்டோடாக்சினையும் நீக்க வேண்டும். இவை மெய்யான குறைகள். எனினும் அளந்து திருத்தக்கூடியவை.

2009-இல் தோஷிரோ சாட்டோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் ஒரே ஸ்டெம் செல்லிலிருந்து குடல் ஆர்கனாய்டை (குடலை ஒத்த சிறு திசுவை) வளர்த்தபோது, இ.ஜி.எஃப்., நாகின், ஆர்-ஸ்பாண்டின் ஆகிய காரணிகளை ஊடகத்தில் சேர்த்தனர். செல்களைத் தாங்கிய மேட்ரிஜெல் எலிக் கட்டியிலிருந்து எடுத்த கலவை என்பதால் தெளிவு அங்கே முழுமையானதல்ல. ஆயினும் அறிந்த காரணி ஒன்றை மட்டும் நீக்கி விளைவைப் பார்க்க முடியும். பல பொருள்கள் கலந்த இரத்தச் சீரத்தை ஊடகத்தில் சேர்த்தால் அது இயலாது. ஆகவே மறுசேர்க்கைப் புரதத்தைப் பயன்படுத்துவோர், அது எந்த உயிரியில் தயாரானது, அதன் செயல்திறன் என்ன, எண்டோடாக்சின் எவ்வளவு என்பவற்றையும் ஆய்வுரையில் பதிவதே முறை.