ஒரு கிட்னியோடு ஒரு டாக்டர்

"சரித்திரமா ஏதாவது எழுதுடா, பம்ப், வால்வுன்னு ஆரம்பிச்சுடாதே" என்று மலர்க்குழு நண்பன் போனிலேயே எச்சரித்தான். மன்னிக்கவும், இதிலும் வால்வு வருகிறது.

நம் பேட்ச்மேட் ஒருவன் போன வருடம் தன் அக்காவுக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தான். அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஒண்ணை வெச்சுக்கிட்டு எவ்வளவு நாள் தாங்கும்ப்பா?" என்பார். நான் மெக்கானிக்கல் ஆசாமி, என்னத்தைச் சொல்ல? பதில் தேடிப் படித்தபோது அகப்பட்டவர்தான் டாக்டர் வூ ஜியேபிங்.

1917-ல் சீனாவின் சாங்சௌ நகரில் பிறந்தவர். சகோதரர்கள் நால்வருமே மருத்துவத் துறை. பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போதே காசநோய் வந்து இவருடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்துவிட்டார்கள். அப்போது டி.பி.க்கு சரியான மருந்தே கிடையாது. மிச்சமிருந்த ஒன்றோடு 1942-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். எடுத்துக்கொண்ட துறையும் சிறுநீரக அறுவைதான்!

1947-ல் சிகாகோ போய் சார்லஸ் ஹக்கின்ஸிடம் பயின்றார். ஹார்மோனுக்கும் ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றாரே, அதே ஹக்கின்ஸ். இங்கேயே இருந்துவிடு என்றார் குரு. சிஷ்யர் கேட்கவில்லை, 1948 கடைசியில் பீக்கிங் திரும்பிவிட்டார்.

இனி வால்வு. அந்நாளில் சிறுநீரக டி.பி. நோயாளிக்கு எக்ஸ்ரே எடுத்து, இரண்டு பக்கமும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் கையை விரித்துவிடுவார்கள். இரண்டிலும் டி.பி. என்றால் எதை எடுப்பது? வூவுக்கு அங்கேதான் சந்தேகம். ஒரு சிறுநீரகத்தின் நோய் மூத்திரப்பைக்கு இறங்குகிறது. பை தழும்பேறிச் சுருங்குகிறது. அடுத்த சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயின் வாய் அடைபடுகிறது, அல்லது வால்வு பழுதாகி சிறுநீர் பின்னோக்கி ஏறுகிறது. அந்தச் சிறுநீரகம் நீர் கோத்து வீங்குகிறது, அவ்வளவுதான். அதில் டி.பி.யே இல்லை! முதலில் நீரை வடித்து, பிறகு நோயுள்ளதை எடுத்தால் ஆள் பிழைப்பார். 1950-களில் வூ இதை எழுதிய பிறகு, கைவிடப்பட்ட எத்தனையோ பேர் ஆபரேஷன் டேபிளுக்கு வந்தார்கள். டவுன்ஸ்ட்ரீமில் அடைப்பு இருக்க, நல்ல பம்பைக் கழற்றி எறியும் தப்பை நாமும் செய்திருக்கிறோமே!

1960-ல் சீனாவில் முதன்முதலாக இறந்தவரின் சிறுநீரகத்தைப் பொருத்தியவரும் இவரே. உடல் ஏற்காமல் தள்ளுவதைத் தடுக்கும் மருந்துகள் அங்கே அப்போது இல்லாததால் அது நிலைக்கவில்லை. 1962-ல் இந்தோனேசிய அதிபர் சுகர்னோவின் சிறுநீரகக் கோளாறுக்கு வைத்தியம் பார்க்கப் போனார்.

பெரிய சோதனை 1972-ல் வந்தது. பிரதமர் சூ என்லாய்க்கு மூத்திரப்பையில் புற்றுநோய். வைத்தியக் குழுவுக்குத் தலைவர் வூ. ஆனால் கத்தியை எடுக்க மேலிடத்து அனுமதி வேண்டும்! மாதங்கள் ஓடின. 1973 மார்ச்சில் ஒருவழியாக அனுமதி வந்தது, அதிலும் ஒரு நிபந்தனை: இப்போது உள்ளே பார்க்க மட்டும் செய்யலாம், வைத்தியம் பிறகு. பார்க்கும்போதே சின்னதாக ஏதாவது கண்ணில் பட்டால் எடுத்துவிடலாமா என்று பிரதமரின் மனைவி டெங் யிங்சாவிடம் வூ கேட்டுக்கொண்டாராம். பிரதமரின் தனி மருத்துவர் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பில் இது வருகிறது. கருவியை உள்ளே விட்டார், கட்டியைப் பார்த்தார், அங்கேயே சுட்டுப் பொசுக்கிவிட்டார். அந்தக் காலச் சீனாவில் இதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நோய் திரும்பி வந்தது, சூ 1976 ஜனவரி 8-ல் காலமானார். முதலிலேயே விட்டிருந்தால்... என்ற கேள்வி இன்றும் இருக்கிறது.

வூ 2011 மார்ச் 2-ல் காலமானார். வயது 94. எழுபது வருடத்துக்கும் மேலாக ஒரே ஒரு சிறுநீரகம். கணக்கை நண்பனின் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு தரம் கேட்டுக்கொண்டு, "அந்த டாக்டர் பேரை ஒரு சீட்டுல எழுதிக் குடுப்பா" என்றார்.