காலும் தாளமும்
நடனப் பொறி விளையாட்டின் வரலாறு

‘ஆடல்’ என்னும் சொல்லை நாம் விளையாட்டுக்கும் நடனத்துக்கும் பொதுவாகவே வழங்கி வருகின்றோம். பந்தாடுவதும் ஆடல், பரதம் ஆடுவதும் ஆடல். ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொற்கள் உள. ஆயினும் ஆடலின் இவ்விரு பொருளும் ஒன்றாய்க் கலந்து நிற்கும் விளையாட்டு ஒன்று 1998-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் தோன்றியது. ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ என்பது அதன் பெயர். நாணயம் இட்டு ஆடும் பொறிகள் நிறைந்த விளையாட்டுக் கூடங்களில் பிறந்து, பின் வீடுகளிலும், அதன்பின் பள்ளிகளிலும் புகுந்தது அது. அதன் வரலாற்றையும் ஆட்ட முறையையும் ஆசிரிய அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதத் தூண்டியது என் பழைய தவறு ஒன்று. அதனை முதலிற் கூறிவிடுகின்றேன்.

2000-ஆம் ஆண்டு. நான் அப்பொழுது இளம் ஆசிரியன். பேச்சுப் போட்டி ஒன்றிற் பங்கு பெறுவதற்காகத் தோட்டப் பள்ளி மாணவர் சிலரைப் பட்டணத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். போட்டி முடிந்து பேருந்து ஏறும் வேளையில் இருவரைக் காணவில்லை. தேடிச் சென்றபோது, அருகிலிருந்த பேரங்காடியின் மேல் மாடியில், ஒளி வீசும் ஒரு பொறியின் முன்னே வாய் திறந்து நின்றனர். பொறியின் மேடையில் ஓர் இளைஞன் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக் கொண்டிருந்தான். “பார்க்கத்தான் வந்தோம், ஐயா. எங்களிடம் காசு இல்லை,” என்றான் ஒருவன். நான் அதனைச் செவியில் வாங்காமல், காசையும் காலத்தையும் வீணாக்கும் கூத்து என்று எல்லார் முன்னிலையிலும் கண்டித்தேன். மறுநாள் பள்ளித் திடலிற் கண்ட காட்சியைக் கட்டுரையின் இறுதியிற் கூறுவேன்.

பாட்டுப் பெட்டியிலிருந்து பாதப் பலகை வரை

இவ்விளையாட்டை ஆக்கிய கொனாமி நிறுவனம் 1969-இல் ஒசாக்காவில் ககேமாசா கோசுகி என்பவரால் தொடங்கப்பட்டது. காசு போட்டால் பாடும் ஜுக்பாக்ஸ் என்னும் பாட்டுப் பெட்டிகளை வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதுமே அதன் தொடக்கத் தொழில். காசுக்குப் பாட்டுக் கேட்பித்த நிறுவனமே, ஏறக்குறைய முப்பது ஆண்டுகட்குப் பின், காசுக்குப் பாட்டோடு ஆடவும் வைத்தது.

காலால் மிதித்து ஆடும் கருவி 1998-க்கு முன்னரும் இருந்தது. 1986-இல் பண்டாய் நிறுவனம் ‘ஃபேமிலி டிரெய்னர்’ என்ற மிதிவிரிப்பை ஜப்பானில் வெளியிட்டது. வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து, ஓட்டம், தாண்டுதல் முதலிய போட்டிகளை அதன்மேல் நின்று ஆடலாம். ஆனால் அங்கே கால்களுக்கு வேலை விரைவே, தாளம் அன்று. தாளத்தையே விளையாட்டின் உயிராக்கியது 1996-இல் வெளிவந்த ‘பராப்பா த ராப்பர்’ என்னும் வீட்டு விளையாட்டு. ஆனால் அதனை ஆடுவதற்கு விரல்களே போதும். அடுத்து, 1997-ஆம் ஆண்டு இறுதியில் கொனாமி ‘பீட்மேனியா’ என்ற பொறியை விளையாட்டுக் கூடங்களில் நிறுவியது. ஐந்து விசைகளும் ஓர் இசைத்தட்டுச் சுழலியும் கொண்டது அது. அதுவும் கைத்தொழிலே. ஒருபுறம் தாளம் அறியாத கால். மறுபுறம் தாளம் அறிந்த கை. இவ்விரண்டையும் பொருத்தித் தாளத்தைக் காலுக்கு இறக்கிய செயலே 1998-இல் நிகழ்ந்தது.

அப்பொறியின் உட்கருவிக்குச் ‘சிஸ்டம் 573’ என்று பெயர். ஐந்து, ஏழு, மூன்று என்ற எண்களை ஜப்பானியர் ‘கோ, ந, மி’ என்றும் ஒலிக்கலாமாதலின், நிறுவனத்தின் பெயரே எண்ணாக ஒளிந்திருக்கின்றது. அக்கருவி பிளேஸ்டேஷன் என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியின் அமைப்பைத் தழுவியது. எனவேதான் மறு ஆண்டான 1999-இலேயே, காலால் மிதிக்கும் விரிப்போடு, இவ்விளையாட்டு ஜப்பானிய வீடுகளுக்குள் எளிதிற் புகுந்தது.

ஆட்ட முறை

இனி ஆடும் முறையைக் காண்போம். பொறியின் முன்னே தரையிலிருந்து சற்று உயர்ந்த மேடை ஒன்று உளது. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். நடுக்கட்டம் ஆடுவோர் நிற்கும் இடம். அதற்கு முன், பின், இடம், வலம் ஆகிய நான்கு கட்டங்களில் அம்புக்குறிகள் உள்ளன. மூலையிலுள்ள நான்கு கட்டங்களுக்கு வேலை இல்லை. அம்புக் கட்டங்களின் அடியில் மிதியை உணரும் கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. ஒரு பொறியில் இத்தகைய மேடைகள் இரண்டு. இருவர் அருகருகே நின்று போட்டியிடலாம். வல்லவர் ஒருவரே இரு மேடைகளின் எட்டு அம்புகளையும் ஆளலாம்.

ஆடுவோர் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கின்றனர். பாட்டுத் தொடங்கியதும், எதிரேயுள்ள திரையின் அடியிலிருந்து அம்புகள் மேல்நோக்கி ஏறி வருகின்றன. திரையின் மேற்பகுதியில் நான்கு அம்புகளின் நிழல் வடிவங்கள் அசையாது நிற்கின்றன. ஏறி வரும் அம்பு தனக்குரிய நிழலோடு பொருந்தும் அக்கணத்தில், அதே திசைக் கட்டத்தைக் காலால் மிதித்தல் வேண்டும். இரண்டு அம்புகள் சேர்ந்து வந்தால் இரு கால்களாலும் ஒருங்கே குதித்தல் வேண்டும். விதி இவ்வளவே. ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

ஆனால் அம்புகள் மனம் போனபடி வருவன அல்ல. பாட்டின் தாளக் கட்டுக்கு இயைய, ஒவ்வோர் அடியும் முன்கூட்டியே அமைக்கப்பட்டது. எளிய வரிசையில் தட்டுக்கு ஒரு மிதி. சற்றுக் கடினமானதில் தட்டுக்கு இரண்டு. மேலும் கடினமானதில் நான்கு. ஒரே பாட்டுக்கே எளிமை, இடைநிலை, கடினம் எனப் பல அடிவரிசைகள் உண்டு. அவற்றின் கடுமையை முற்காலப் பதிப்புகள் சிறு பாதச் சின்னங்களை வரிசையாக இட்டுக் காட்டின. 2008-இல் வந்த பதிப்பில் இந்த அளவு இருபது படிகளாக விரிந்தது.

ஒவ்வொரு மிதிக்கும் அக்கணமே தீர்ப்பு உண்டு. முற்காலப் பதிப்புகளில், சரியாகப் பொருந்தினால் ‘பெர்ஃபெக்ட்’, சற்றே வழுவினால் ‘கிரேட்’, மேலும் வழுவினால் ‘குட்’, அதன்பின் ‘பூ’, மிதியாமலே விட்டால் ‘மிஸ்’. இந்தப் ‘பூ’ நம் மலரன்று. மேலைநாட்டு அரங்குகளில் அவையோர் இகழ்ந்து எழுப்பும் ஒலி. திரையின் மேல் ஓர் அளவுகோலும் உண்டு. நல்ல மிதிகளால் அது நிறையும், தவறுகளால் குறையும். முற்றும் வற்றினால், பாட்டு முடியுமுன்னே ஆட்டம் முடிந்துவிடும்.

கற்போர் படிநிலை

இப்பொறியில் ஒருவர் கற்கும் வகை பயிற்சிக் கல்லூரியில் நாம் படித்த பாடங்களை நினைவூட்டுகின்றது. புதிதாக ஆடுவோர் ஒவ்வொரு மிதிக்குப் பின்னும் நடுக்கட்டத்துக்குத் திரும்பி வருவர். அம்புகள் விரையும்போது திரும்புவதற்கு நேரம் இராது, தடுமாறுவர். சில நாளில், மிதித்த காலை மிதித்த இடத்திலேயே விட்டு, அடுத்த அம்புக்கு மற்றக் காலை அனுப்பப் பழகுவர். இதுவே முதற் படி. இடக்காலும் வலக்காலும் மாறி மாறி வரவேண்டும் என்பதை உணர்வது இரண்டாம் படி. அப்படி மாறி வருங்கால், சில வேளை ஒரு கால் மற்றதைக் கடந்து செல்ல நேரும். உடல் தானே பக்கவாட்டில் திரும்பும். ‘திரும்பு’ என்று எந்த அம்பும் கட்டளையிடுவதில்லை. அடிவரிசையின் அமைப்பே திருப்பிவிடுகின்றது. அவ்விடத்திற்றான் மிதித்தல் நடனமாகின்றது.

வேறொரு வியப்பும் உண்டு. பின்வந்த பதிப்புகளில், அம்புகள் திரையில் ஏறும் விரைவை ஆடுவோரே கூட்டிக் கொள்ளலாம். விரைவைக் கூட்டினால் ஆட்டம் கடினமாகும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறு. பாட்டின் தாளம் மாறுவதில்லை. அம்புகளுக்கிடையே உள்ள வெளிதான் அகல்கின்றது. நெருங்கிக் கிடந்த எழுத்துகளை இடைவெளி விட்டு எழுதினாற் போல, வாசித்தற்கு எளிதாகின்றது. ஆகவே தேர்ந்தோர் விரைவையே விரும்புவர்.

தேர்ந்தோரை நோக்கிப் பொறியும் வளர்ந்தது. 1998-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பாரனோயா’ என்ற பாட்டு நிமிடத்துக்கு 180 தட்டுகள் உடையது. அதாவது விநாடிக்கு மூன்று. 2001-இல் வந்த ‘மேக்ஸ் 300’ என்னும் பாட்டோ நிமிடத்துக்கு 300 தட்டுகள் உடையது. தட்டுக்கு இரண்டு மிதி வருமிடத்தில் விநாடிக்குப் பத்து மிதிகள்! சிறப்பாக ஆடி முடித்தவர்க்கே பரிசுப் பாட்டாக அது முதலில் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே, மிதித்த காலை எடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டிய நீள் அம்புகள் வந்தன. 2008-இல், மிதிக்கவே கூடாத அம்புகளும் வந்தன.

இரு மரபினர்

ஆடுவோரிடையே காலப்போக்கில் இரு மரபுகள் தோன்றின. ஒரு சாரார் எண்ணிக்கையையே குறிக்கோளாகக் கொண்டனர். மேடையின் பின்னுள்ள கம்பியைப் பற்றிக் கொண்டு, உடலை அசையாது நிறுத்தி, கால்களை மட்டும் பொறியின் உறுப்புப் போல இயக்கினர். மற்றொரு சாராரோ திரைக்கு முதுகு காட்டி, பார்ப்போரை நோக்கித் திரும்பி, கைகளை வீசியும், முழந்தாளிட்டும், காலுக்குப் பதில் கையால் கட்டத்தைத் தட்டியும் ஆடினர். அடிவரிசை முழுவதையும் மனப்பாடம் செய்தாலன்றி இது கைகூடாது. போட்டிகளிலும் மதிப்பெண் போட்டி வேறு, நடனப் போட்டி வேறு என வகுக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு மரபுக்கும் பொறி இடம் தந்ததே அதன் சிறப்பு என்பது என் துணிபு. கால் எந்தக் கணத்தில் எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்பதில் அது அணுவளவும் விட்டுக் கொடுப்பதில்லை. மற்று, கை எங்கே, முகம் எப்படி, மிதிப்பது இடக்காலா வலக்காலா என்பவற்றை அது கேட்பதே இல்லை. விதி குறுகியது, கடுமையானது; விதிக்கு வெளியே உரிமை பரந்தது. அவ்வுரிமையில்தான் ஆடுவோர் தம் நடனத்தைத் தாமே படைத்தனர்.

பரவலும் பள்ளியும்

1999-இல் தென்கொரியாவில் ‘பம்ப் இட் அப்’ என்ற பொறி எழுந்தது. அதில் நான்கு மூலைகளும் நடுவும் சேர்ந்து ஐந்து கட்டங்கள். அமெரிக்காவில் 2004-இல் தோன்றிய ‘இன் த குரூவ்’ என்ற ஒத்த விளையாட்டின் மீது கொனாமி 2005-இல் வழக்குத் தொடுத்தது. மறு ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டு, அவ்விளையாட்டின் உரிமை கொனாமியையே சேர்ந்தது.

ஆசிரியர்களாகிய நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் நிகழ்ந்தது. அங்கே உடற்பருமன் மிக்க சிறுவர்களுக்கு வீட்டிலேயே இவ்விளையாட்டைக் கொடுத்து, அம்மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். அதனைத் தொடர்ந்து, 2006-ஆம் ஆண்டு ஜனவரியில், மாநிலத்தின் 765 அரசுப் பள்ளிகளிலும் இவ்விளையாட்டை வைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. பந்து விளையாட்டிற் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படும் பிள்ளை எந்தப் பள்ளியிலும் உண்டு. இங்கே அப்பிள்ளையைத் தேர்ந்தெடுக்க எவரும் வேண்டியதில்லை. தன் நிலைக்கேற்ற அடிவரிசையைத் தானே தேர்ந்து கொள்ளலாம். நேற்றைய தன்னோடு இன்று போட்டியிடலாம்.

குறை இல்லையோ எனின், உண்டு. காசுப் பொறியில், தவறு மிகுந்தவனின் ஆட்டம் இடையிலேயே நிறுத்தப்படுகின்றது. அதாவது, எவனுக்குப் பயிற்சி மிகுதியாகத் தேவையோ அவனுக்கே பயிற்சி குறைவாகக் கிடைக்கின்றது. வாணிகத்துக்கு அது பொருந்தலாம், வகுப்பறைக்குப் பொருந்தாது. இருந்தும், மெல்லப் படிக்கும் மாணவனின் நோட்டை முதலில் மூடிவிட்டு, விரைந்து முடிப்பவனுக்கே மேலும் கணக்குக் கொடுக்கும் வழக்கம் நம்மிடமும் இல்லையா? பொறியைக் குறை கூறுமுன் நாம் நம்மையே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி இது.

முடிவுரை

மறுநாட் காட்சியைக் கூறுவதாகச் சொல்லியிருந்தேன். ஓய்வு வேளையில் திடலின் சிமெந்துத் தரையைச் சுற்றிப் பிள்ளைகள் கூடியிருந்தனர். நான் கண்டித்த அச்சிறுவன் சாக்குக்கட்டியால் ஒன்பது கட்டங்கள் வரைந்து, நான்கில் அம்புக்குறி இட்டிருந்தான். நொண்டி ஆடுதற்கு வரைந்ததோ என்று முதலில் எண்ணினேன். ஒருவன் உரக்க “இடம், வலம், முன், முன், பின்” என்று தாளத்தோடு சொல்ல, மற்றவர்கள் முறை வைத்து மிதித்து ஆடினர். தவறியவனை அவன் வெளியேற்றவில்லை. “மறுபடியும் மெதுவாகச் சொல்கிறேன், வா,” என்றான். நாணயம் இல்லாத அச்சிறுவன், முந்தைய நாள் சிறிது நேரம் பார்த்ததைக் கொண்டே, பொறியின் விதியை முழுவதும் உணர்ந்து, அதன் குறையையும் நீக்கிவிட்டான்.

அன்று மாலை மழை வந்து கட்டங்களை அழித்தது. நானும் அவனிடம் ஒன்றும் சொல்லாமலே இருந்துவிட்டேன். பிள்ளைகள் எதனைக் கண்டு மயங்கி நிற்கின்றனரோ, அதனை வீண் என்று தள்ளுமுன், அதன் விதி யாது என்று ஒரு நிமிடம் கேட்டறிவது ஆசிரியர் கடன். இதனை அறிய எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.