பிணியும் இளிவரலும்: தாதியர் கல்வியில் நாடகம்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்பனவற்றோடு அருகிருந்து துணைசெய்வானையும் சேர்த்தெண்ணினார். அந்நான்காம் கூறே இன்றைய தாதி. தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியலில், இளிவரல் பிறக்கும் நிலைக்களன் நான்கனுள் பிணியையும் ஒன்றாக வைத்தார். பிணி உடலை வருத்துவதோடு நில்லாது, தாழ்வுற்றோம் என்னும் உணர்வையும் தரும் என்பது இதனாற் பெறப்படும். உடற்றுன்பத்துக்கு மருந்துண்டு. இளிவரலைத் தாதி அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு மேலைநாட்டு மருத்துவக் கல்வி படிப்படியாகவே விடை கண்டது.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனைத் தாதியர் பள்ளிக்கு 1911இல் ஆளுயரப் பொம்மையொன்று வந்தது. செய்தளித்தவர் மார்த்தா சேஸ் என்னும் அம்மையார். அப்பொம்மையைத் தூக்கிக் கிடத்தவும் ஆடை மாற்றவும் மாணவியர் பழகினர். கை பழகிற்று. ஆயினும் பொம்மை நாணாது, அஞ்சாது, தன்னைப் புண்படுத்தியவர் இன்னார் என்று கூறாது.

1963இல் தென்கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நலமுடைய பெண்ணொருத்திக்குக் கால் செயலிழந்த நோயாளியாக நடிக்கப் பயிற்சியளித்தார். மாணவர் சோதித்துச் சென்றபின், அவர்கள் தம்மை நடத்திய முறையை அப்பெண்ணே எடுத்துரைத்தார். நோயாளியின் நிலையிலிருந்து பேசும் வாய் இவ்வாறு கல்விக்குக் கிடைத்தது.

மூன்றாம் படி முழு நாடகம். மார்கரெட் எட்சன் 1985இல் வாஷிங்டன் நகர மருத்துவமனையொன்றில், புற்றுநோயாளரும் எய்ட்ஸ் நோயாளரும் தங்கிய பகுதியில் எழுத்தராக இருந்தவர். அங்குக் கண்டதைக் கருவாக்கி அவர் எழுதிய ‘விட்’ என்னும் நாடகம் 1995இல் கலிபோர்னியாவில் அரங்கேறியது. 1999இல் புலிட்சர் பரிசு பெற்றது. அப்போது அவர் மழலையர் பள்ளி ஆசிரியை.

நாடகத் தலைவி விவியன் பேரிங், ஜான் டன் கவிதைகளில் துறைபோகிய பேராசிரியை. சினைப்பைப் புற்றுநோய் முற்றிய நிலையில் மருத்துவமனை சேர்கிறார். முன்னாள் மாணவனே மருத்துவனாக வந்து அவர் உடலைச் சோதிக்கிறான். மருத்துவர் கூட்டம் படுக்கையைச் சூழ்ந்து அவர் நோயைப் பற்றிப் பேசுகிறது, அவரோடு பேசவில்லை. பிணி தரும் இளிவரல் இங்கே மேடையேறுகிறது. சூசி என்னும் தாதி ஒருத்தியே அதனை உணர்கிறாள். இரவில் அருகமர்ந்து, ஒரு குச்சி ஐஸை இருவருமாகப் பகிர்ந்துண்டபடி, இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டுமா என்பதை முடிவுசெய்யும் உரிமை நோயாளியுடையதே என்று விளக்குகிறாள். இறுதியில் மருத்துவன் அம்முடிவை மீறும்போது தடுக்க முனைபவளும் அவளே.

2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க, கனடிய மருத்துவக் கல்லூரிகள் இந்நாடகத்தைத் தம் மாணவர்க்கு நடித்துக் காட்டச் செய்து, பின்னர்க் கலந்துரையாடலும் நிகழ்த்தின. 2001இல் வெளிவந்த திரைப்படம் தாதியர் வகுப்புகளுக்கும் பயன்பட்டது.

நாடகம் பினாங்குக்குப் புதிதன்று. பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தால் 1885இல் ‘பங்சவான்’ என்னும் மலாய் மேடைக்கலை தோன்றிய மண் அது. அம்மாநிலத்துச் சுங்கை பாக்காப் போன்ற ஊர்களின் தமிழ்க் குடும்பங்களுக்கேற்ற காட்சி ஒன்றை அமைத்தல் அரிதன்று. “அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், மிஸி” என்கிறான் மகன். அவன் நீங்கியதும், “மிஸி, எனக்கு என்னதான் நோய்?” என்று கேட்கிறாள் தாய். காட்சியை அவ்விடத்தே நிறுத்தி, தாதியின் மறுமொழியை மாணவியரே நடித்துக் காட்டச் செய்யலாம். மகன் அன்பால் மறைக்கிறான். தாயோ தன் நோயைத் தானே அறியாத தாழ்வில் கிடக்கிறாள். இவ்விருவருக்கும் இடையே நின்று பேசக் கற்பதே, வள்ளுவர் எண்ணிய நான்காம் கூற்றின் கல்வி.