கிழக்கும் ஓரியண்டீரிங்கும்

கல்லூரி திறந்ததும் நடக்கும் ‘ஓரியண்டேஷன்’ வகுப்பையும் ‘ஓரியண்டீரிங்’ போட்டியையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறோம். பின்னது, வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு காட்டுக்குள் குறித்த முனைகளைத் தேடி ஓடும் விளையாட்டு; 1990 முதல் இருபது வயது வரையிலான இளையோருக்கு உலகப் போட்டியே நடக்கிறது. இரண்டுக்கும் வேர், எழுதலைக் குறிக்கும் லத்தீன் சொல். ஞாயிறு எழுவதால் அது கிழக்கானது. கிழக்கு நோக்கி நிறுத்துதல், திசையறிதல், புது இடத்துக்குப் பழகுதல் என்று பொருள் விரிந்தது. விளையாட்டுப் பெயர் சுவீடன் ராணுவத்தில் 1886இல் பிறந்தது. நம் கிழக்குக்கு வேர் சூரியனில் இல்லை, தரையில் இருக்கிறது: தாழ்ந்த பக்கம் கீழ், கீழ்க்கு, கிழக்கு, மலை உயர்ந்த பக்கம் மேற்கு. கீழ்பவானி வாய்க்காலில் ‘கீழ்’ தாழ்வு, கீழ்வானத்தில் திசை. தெற்கே ஓடிவரும் காவிரி கிழக்கே திரும்பும் கொடுமுடியில் வழி கேட்டால், பெரியவர்கள் இடது வலது சொல்வதில்லை. “கெழக்கால போயி தெக்கால திரும்புங்க” என்பார்கள். மேடு பள்ளத்தை வரைபடக் கோடுகளில் படித்து ஓடும் பிள்ளைக்கு, எழுஞாயிற்றைவிட இந்தத் தரைக்கணக்குதான் நெருக்கம் என்பேன். ஓரியண்டீரிங்கைத் தமிழில் ‘வழிகாண் ஓட்டம்’ என்றால் வழி ஏற்கெனவே போட்டிருப்பதுபோல் தொனிக்கிறது. இங்கே வழியை ஓடுபவரே முடிவு செய்ய வேண்டும். ‘திசையறி ஓட்டம்’ பொருந்துகிறது. உடற்கல்வி ஆசிரியர்களே, அடுத்த அறிவிப்புப் பலகையில் இதையே எழுதுங்கள். ஓரியண்டேஷனுக்கு ‘அறிமுக வகுப்பு’ போதும்.