பெயரிலேயே நேரம் இருந்த காலம்

"இரவு 2 மணிக்கு ஒருக்கா இதைச் செய்." கணினிக்கு இப்படிச் சொல்ல யுனிக்ஸில் 'அற்' எண்டு ஒரு கட்டளை இருக்கு. திரும்பத் திரும்ப நடக்கும் வேலைக்குக் 'கிரொன்', ஒரேயொரு தடவைக்கு 'அற்'. சரி, நேரத்தை மாற்ற வேண்டி வந்தால்? அதற்கென்று தனிக் கட்டளை இல்லை. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1979இல் பெல் ஆய்வுகூடத்திலிருந்து வந்த ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் 'அற்' இருந்தது. நாங்கள் கொடுக்கும் வேலையை அது ஒரு கோப்பாக எழுதும். அப்போது நாங்கள் நின்ற அடைவு, சூழல் மாறிகள் எல்லாம் அதற்குள் சேரும். கோப்பின் பெயர் என்ன தெரியுமா? ஆண்டு, ஆண்டின் எத்தனையாவது நாள், மணி, கடைசியில் ஓர் எண். கிரொன் இடைக்கிடை எழுப்பிவிடும் 'அற்ரன்' என்ற நிரல் அந்தப் பெயர்களைப் பார்த்து, நேரம் வந்தவற்றை ஓட்டும். அதாவது, பெயர் மாறினால் நேரமும் மாறும்!

இன்றைய லினக்ஸில் அந்தக் கோப்புகள் சாதாரண பயனருக்குப் பூட்டியே இருக்கும். ஆகவே சுற்றுவழிதான்: 'அற் -சி' மூலம் பழைய வேலையை முழுதாக வெளியே எடுத்து, புது நேரத்துடன் 'அற்'றிடமே திருப்பிக் கொடுக்கிறோம். புது இலக்கம் வந்த பிறகே 'அற்ஆர்எம்' போட்டுப் பழையதை அழிக்கிறோம்.

ஒழுங்கு முக்கியம். முதலிலேயே அழித்தால் வேலையே போச்சு. அழிக்க மறந்தால் இரண்டு தடவை ஓடும். சம்பளக் கணக்கென்றால் யோசிச்சுப் பாருங்கள். நினைவிலிருந்து திரும்பத் தட்டலாமே எண்டால், கட்டளை ஞாபகம் இருக்கும், எந்த அடைவில் நின்றோம் என்பது இருக்காது. 1979இல் அந்தக் கோப்பு எங்களுக்காக ஞாபகம் வைத்தது அதைத்தான்.